மனசு ஒப்பவில்லை என்றால் போதுமா? அறத் தீர்ப்பில் உள்ளுணர்வும் பகுத்தறிவும்

1962-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏழு பேரிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்தவர்களை டயாலிசிஸ் மூலம் ஆண்டுக்கணக்கில் வாழவைக்க முடியும் என்பதை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் அங்கே காட்டியிருந்தார். ஆனால் இயந்திரங்கள் மிகச் சில. மருத்துவர்கள் உடல்நிலை பார்த்து வடிகட்டிய பிறகும் இருந்த இடங்களைவிட நோயாளிகள் அதிகமாக இருந்தார்கள். மிஞ்சியவர்களில் யாருக்கு இயந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் ஆகியோர் அமர்த்தப்பட்டார்கள். இல்லை என்று சொல்லப்பட்டவருக்கு மரணம் நிச்சயம்.

குழுவுக்கு விதிமுறை எதுவும் தரப்படவில்லை. மணமானவரா, எத்தனை பிள்ளைகள், என்ன சம்பாத்தியம், என்ன படிப்பு, சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவரா, ஊருக்கு உபகாரமாக இருந்தவரா என்றெல்லாம் பேசி, இவருக்குக் கொடுக்கலாம் என்று மனதில் பட்டவருக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லைஃப் பத்திரிகை இதை வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. 1968-இல் இரண்டு அறிஞர்கள் எழுதிய விமர்சனத்தில் ஒரு வரி பின்னாளில் பலராலும் எடுத்தாளப்பட்டது: சிறுநீரகம் பழுதான ஹென்றி டேவிட் தோரோவுக்கு அந்தப் பகுதியில் இடமில்லை. அமெரிக்க எழுத்தாளரான தோரோ குடும்பம் இல்லாதவர், குளக்கரையில் குடில் கட்டித் தனியே வாழ்ந்தவர், அரசுக்கு வரி கட்ட மறுத்துச் சிறை சென்றவர். ஏழு கண்ணியமான நடுத்தர வர்க்கத்தவரின் மனதில் இப்படிப்பட்ட ஆள் "தகுதியானவர்" என்று படப்போவதில்லை.

அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்லர். மனம் சொன்னதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். மனம் தன்னைப் போன்றவர்களுக்கே வாக்களித்தது. அறத் தீர்ப்பில் உள்ளுணர்வை எவ்வளவு நம்பலாம், அதைச் சோதிப்பது எப்படி என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான தொடக்கம் கிடைப்பது அரிது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு செயலைப் பற்றிக் கேட்டதும், யோசிக்கும் முன்பே "சே, இது தப்பு" என்றோ "பரவாயில்லை" என்றோ உள்ளே எழும் தீர்ப்புதான் அற உள்ளுணர்வு. பேச்சு வழக்கில் "மனசு ஒப்பவில்லை" என்கிறோம். அது வேகமானது, காரணம் சொல்லாது, உடம்போடு ஒட்டியது. வயிறு பிசையும், முகம் சுளிக்கும், கண் கலங்கும். பகுத்தறிவுக்கு நம்மிடம் இருக்கும் சொல்லே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது: பகுத்து அறிவது. ஒரு சூழ்நிலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு நம் தீர்ப்பை ஆட்டுகிறது என்று பார்ப்பது. உணர்ச்சியை ஒழித்துவிட்டுக் கணக்குப் போடுவதுதான் பகுத்தறிவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொருளில் இங்கே அச்சொல்லை எடுக்கவில்லை.

இவற்றில் எது மேலானது என்ற வழக்கு பழையது. பகுத்தறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்றார் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், 1739-இல். ஜெர்மனியின் இமானுவேல் காண்ட் நேர் எதிர்த் திசையில் போனார்: எல்லோருக்கும் பொது விதியாக்க முடிந்ததை மட்டுமே செய், உணர்ச்சி எப்படி இருந்தாலும். அந்த வழியில் பிடிவாதமாக நடந்தவர், கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் ஒரு கட்டுரையே எழுதினார். படிக்கும் எவருக்கும் மனசு ஒப்பாது. வள்ளுவரிடம் கேட்டால் விடை வேறு: "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." இதுவும் காரணத்தோடு கூடிய தீர்ப்புதான், ஆனால் விளைவை எடை போடும் காரணம். ஆகவே பகுத்தறிவு என்று ஒரே ஒரு குரல் இல்லை. விதியைப் பார்ப்பது, விளைவைப் பார்ப்பது என்று அதற்குள்ளேயே குறைந்தது இரண்டு வழிகள் உண்டு, அவை மோதவும் செய்யும்.

பகுத்துப் பார்ப்பதைச் செயலில் காட்ட மிக நல்ல கருவி தண்டவாள வண்டிப் புதிர். பிரிட்டிஷ் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் 1967-இல் அதை முன்வைத்தார். பிரேக் பிடிக்காத வண்டி ஒன்று வருகிறது. பாதையில் ஐந்து பேர். வண்டியைக் கிளைப் பாதைக்குத் திருப்பலாம். அங்கே ஒருவர் இருக்கிறார், அவர் சாவார். திருப்பலாமா? பெரும்பாலானோர் திருப்பலாம் என்கிறார்கள். பிறகு அமெரிக்காவின் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் கதையை மாற்றினார். இப்போது நீங்கள் பாலத்தின் மேல் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு பருத்த ஆள். அவரைக் கீழே தள்ளினால் அவர் உடல் வண்டியை நிறுத்தும், ஐவரும் பிழைப்பார்கள். தள்ளலாமா? பெரும்பாலானோர் கூடாது என்கிறார்கள். இரண்டிலும் கணக்கு ஒன்றே: ஒருவர் சாவு, ஐவர் பிழைப்பு. அப்படியிருக்க மனம் ஏன் திசை மாறுகிறது?

இங்கேதான் பகுக்க வேண்டும். இரண்டு கதைகளுக்கும் நடுவே ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மாறியிருக்கின்றன: கைபட்டுத் தள்ளுவது, அருகில் நிற்பது, அந்த மனிதரின் உடலையே கருவியாகப் பயன்படுத்துவது. இவற்றில் எது நம்மைத் தடுக்கிறது? உளவியலாளர் ஜோஷுவா கிரீனும் அவர் குழுவும் 2009-இல் இதைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். கையால் தள்ளும் கதையை ஏற்றவர்கள் 31 சதவீதம். கைக்குப் பதில் நீளக் கழியால் தள்ளினால் 33. அதே பாலத்தில் அவர் பக்கத்திலேயே நின்று, ஒரு சுவிட்சைத் தட்டிப் பொறிக்கதவைத் திறந்து விழவைத்தால் 59. தொலைவில் இருந்து அதே சுவிட்சைத் தட்டினால் 63.

இந்த நான்கு எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 59-க்கும் 63-க்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆகவே தூரம் முக்கியமில்லை. 31-க்கும் 33-க்கும் வேறுபாடு இல்லை, ஆகவே தோலோடு தோல் படுவதும் முக்கியமில்லை. கழியில் இருந்து சுவிட்சுக்கு மாறும்போதுதான் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நம் தசையின் விசையைச் செலுத்தி ஒருவரை வீழ்த்துவதுதான் மனதின் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. இப்போது நியாயமான கேள்வி பிறக்கிறது: ஒருவரைக் கொல்வது சரியா தவறா என்பது, சுவிட்சைத் தட்டினோமா கழியால் தள்ளினோமா என்பதைப் பொறுத்து மாறலாமா? மாறக் கூடாது என்றுதான் யாரும் சொல்வார்கள். அப்படியானால் அந்த எச்சரிக்கை மணி பொதுவாக நல்லதாக இருந்தாலும் (மனிதரைத் தள்ளிக் கொல்வதற்கு எதிரான தயக்கம் உலகுக்கு அவசியம்), இந்த இடத்தில் அது அறத்தோடு தொடர்பில்லாத ஒன்றையும் சேர்த்து அளக்கிறது.

உடனே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மணி தவறாக அடிக்கிறது என்பதால், தள்ளுவது சரி என்று ஆகிவிடாது. ஒரு மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்துவது தனியாகவே தவறாக இருக்கலாம். அப்படி இருந்தால் சுவிட்சைத் தட்டுவதும் சேர்த்துத் தவறு. இங்கே ஆரம்ப வாசகர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். உணர்வின் ஒரு காரணம் விழுந்துவிட்டால் அதன் முடிவும் விழுந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள்.

அந்த மணியே அடிக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? மூளையின் முன்பகுதியில், நெற்றிக்குப் பின்னால் கீழ்ப்புறமாக இருக்கும் பகுதி இருபுறமும் சேதமடைந்த 6 நோயாளிகளிடம் இத்தகைய புதிர்களைக் கேட்ட ஆய்வு 2007-இல் நேச்சர் இதழில் வந்தது. அவர்கள் அறிவுத்திறன் குறையாதவர்கள். பிறர் துன்பம் கண்டு உருகும் உணர்வு மட்டும் மங்கியவர்கள். கைபட்டுக் கொல்லும் வகைப் புதிர்களில் மற்றவர்களைவிட அதிகமாக "செய்யலாம்" என்றார்கள். உணர்ச்சி தொடாத புதிர்களில் மற்றவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். நம் தீர்ப்பில் உணர்ச்சிக்கு உண்மையான பங்கு உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. அதே சமயம், மூளை ஸ்கேன் படங்களை வைத்து "உணர்ச்சி வேகமானது, அறிவு மெதுவானது" என்று எளிமையாகச் சொல்லிவிடுவதில் கவனம் தேவை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட, கிரீன் குழுவின் 2001 ஆய்வில் பதில் சொல்ல ஆன நேரத்தின் அளவீடுகளை வேறு ஆய்வாளர்கள் 2009-இல் மறுபடி அலசியபோது, ஒருசில கேள்விகளே அந்த நேர வேறுபாட்டை உண்டாக்கியிருந்தது தெரிந்தது.

மனதைத் தேவையில்லாமல் ஆட்டுவது தசைவிசை மட்டுமல்ல. சொல்லும் விதமே ஆட்டும். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நோயால் 600 பேர் சாகக்கூடும் என்ற நிலை. ஒரு திட்டத்தில் 200 பேர் நிச்சயம் காப்பாற்றப்படுவார்கள். இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் 600 பேரும் பிழைப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஒருவரும் பிழைக்கமாட்டார். 72 சதவீதத்தினர் நிச்சயமானதைத் தேர்ந்தார்கள். அதே திட்டங்களை "400 பேர் நிச்சயம் சாவார்கள்" என்ற சொற்களில் இன்னொரு கூட்டத்திடம் கேட்டபோது 78 சதவீதத்தினர் மற்றதைத் தேர்ந்தார்கள். 200 பேர் பிழைப்பதும் 400 பேர் சாவதும் ஒன்றே.

முகம் இன்னும் வலுவாக ஆட்டும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மாலி நாட்டின் ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் நன்கொடை தந்தார்கள். ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் தந்தது 1.14 டாலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43-க்கு இறங்கிவிட்டது. தேவை எவ்வளவு பெரியது என்று தெரிந்த பிறகு கை சுருங்கியது. நன்கொடை கேட்பவர்கள் ஒரே ஒரு குழந்தையின் படத்தைப் போடுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அருவருப்பு. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய தேசியக் கொடியைக் கிழித்துக் கழிப்பறை துடைக்கும் பெண்ணின் கதையை பிரேசிலிலும் அமெரிக்காவிலும் பலரிடம் சொன்னார்கள். யாருக்கும் தீங்கில்லாதபடியே கதை அமைக்கப்பட்டிருந்தது. தவறு என்றவர்களில் பலர், ஏன் என்று கேட்டதும் கதையில் இல்லாத தீங்குகளைக் கற்பித்துச் சொன்னார்கள். காரணம் பொய்த்துப்போன பின்னும் "தெரியாது, ஆனால் தப்புதான்" என்று நிற்கும் இந்த நிலையை ஆய்வாளர் ஜோனதன் ஹைட் பெரிதாகப் பேசினார். தீர்ப்பு முதலில், காரணம் பிறகு என்பது அவர் வாதம். தீங்கே இல்லை என்ற கதையின் நிபந்தனையை மக்கள் உள்ளூர நம்புவதே இல்லை என்ற மறுப்பும் உண்டு; அதில் வலு இருக்கிறது.

ஆனால் அருவருப்பு எப்படிப்பட்ட நீதிபதி என்று அறிய நமக்கு ஆய்வகம் தேவையில்லை. தீட்டு என்ற உணர்வைத் தமிழ்ச் சமூகம் நூற்றாண்டுகளாக உடம்பிலேயே சுமந்திருக்கிறது. இன்னார் தொட்ட தண்ணீரைக் குடிக்க முடியாமல் குமட்டியவருக்கு அந்தக் குமட்டல் உண்மையாகவே இருந்தது, நடிப்பில்லை. உண்மையான உணர்வு என்பதாலேயே அது உண்மையைச் சொல்லவில்லை. பழக்கிய உணர்வும் பிறவி உணர்வும் உள்ளே ஒரே குரலில்தான் பேசும். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர், அரசியல் சாசன ஒழுக்கம் (சாசனத்தின் நெறிகளை மதித்து நடக்கும் மனப்பாங்கு) இயல்பாக வரும் உணர்வு அல்ல, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்றது இதனால்தான் இவ்வளவு ஆழமான வாக்கியம். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியபோது, சமூகத்தின் ஒழுக்கத்தைவிட அரசியல் சாசன ஒழுக்கமே நிற்கும் என்று சொன்னதும் அதே தடத்தில்தான்.

பகுத்தறிவும் சறுக்கும், வேறு விதமாக. மீன் உண்பதில்லை என்று உறுதி பூண்டிருந்த இளவயது பெஞ்சமின் பிராங்க்ளின், கப்பலில் மீன் பொரியும் மணத்தில் தடுமாறியதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெரிய மீனின் வயிற்றில் சின்ன மீன் இருந்தது நினைவுக்கு வந்ததாம். நீங்களே ஒருவரை ஒருவர் தின்னும்போது நான் ஏன் உங்களைத் தின்னக் கூடாது என்று காரணம் பிறந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டார். செய்ய ஆசைப்படுவதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கவோ உண்டாக்கவோ முடிகிறதே, அறிவுள்ள பிராணியாக இருப்பது எவ்வளவு வசதி என்று அவரே குறிப்பிடுகிறார். இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு: இதே காரணம் நமக்குப் பிடிக்காத முடிவுக்கு இட்டுச் சென்றிருந்தால் ஏற்றிருப்போமா?

இனி, இதைக் கையாளும் முறையை ஒரு சாதாரணச் சம்பவத்தில் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று. இரவு வாட்ச்மேன் தூங்கிவிட்டார். இரண்டு பைக் திருடு போயின. சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: ஆளை நீக்கு.

விவாதம் சூடேறும் முன் ஒவ்வொருவரும் தன் முதல் தீர்ப்பை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால், பிறர் பேச்சைக் கேட்டபின் மாறியதையே முதலில் இருந்து நினைத்தோம் என்று நம்பிவிடுவோம். பிறகு சம்பவத்தைப் பகுக்க வேண்டும்: செய்தது என்ன (தூங்கியது), நோக்கம் என்ன (தீங்கு செய்யும் எண்ணம் இல்லை), சூழல் என்ன, விளைவு என்ன (திருட்டு), யாருக்கு இழப்பு.

அடுத்து ஒரே ஒரு துண்டை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே வாட்ச்மேன், அதே தூக்கம், ஆனால் திருடன் வரவில்லை. நீக்குவோமா? கண்டித்து விட்டுவிடுவோம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படியானால் நம் கோபத்தின் பெரும்பகுதி அவர் செய்ததன் மீது இல்லை. திருடன் வந்த தற்செயலின் மீது இருக்கிறது. விளைவுக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருள் ஆகாது. இழப்பீடு பற்றிப் பேசும்போது இரண்டு பைக்குகள் கணக்கில் வரும். ஆனால் அவர் எவ்வளவு குற்றவாளி என்ற கேள்விக்கு அவை எடை சேர்க்கக் கூடாது. இரண்டு கேள்விகளும் கலந்திருந்ததைப் பகுத்தபின்தான் பார்க்க முடிகிறது.

விளைவைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்த துண்டை மாற்றலாம். மாற்று ஆள் வராததால் பகல் ஷிஃப்டையும் அவரே பார்த்திருந்தார் என்றால்? தீர்ப்பு இளகும், இந்த வேறுபாடு அறத்துக்குப் பொருத்தமானதும்கூட, ஏனென்றால் 24 மணி நேரம் விழித்திருக்கும்படி யாரையும் கேட்க முடியாது. ஆகவே உண்மையில் அப்படி நடந்ததா என்று விசாரிப்பது கடமையாகிறது. கடைசியாக, அவர் உங்கள் மாமாவாக இருந்தால்? இளகினால், அந்த இளக்கத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்ல முடியாத வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதில் பிசகும் இடங்கள் சில உண்டு. இரண்டு துண்டுகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்ப்பைத் திருப்பியது என்று தெரியாது. மிகச் சாதாரணமான பிழை இது. எந்தக் கதையை முதலில் கேட்கிறோம் என்பதும் அடுத்த கதையின் தீர்ப்பைப் பாதிக்கும். தத்துவப் பேராசிரியர்களே இதிலிருந்து தப்பவில்லை என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே வரிசையை மாற்றி இன்னொரு நாள் மறுபடி கேட்டுப் பார்ப்பது பயன் தரும். எத்தனை துண்டுகளை மாற்றியும் மனசு ஒப்பவே இல்லை, காரணமும் கிடைக்கவில்லை என்றால், உணர்வைத் தூக்கி எறிய வேண்டாம். ஏதோ ஒரு துண்டைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். அதைத் தேட அவகாசம் இருந்தால் முடிவைத் தள்ளிவைப்பதே முறை.

எந்த இடத்தில் உள்ளுணர்வை அப்படியே நம்பலாம்? கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் நெஞ்சும் பதறும் என்று சீனத் தத்துவவாதி மென்சியஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். அங்கே பகுத்துக்கொண்டிருப்பது தவறு, ஓட வேண்டும். பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்து, தன் கணிப்பு சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ள வாய்த்தவரின் உள்ளுணர்வுக்கும் மதிப்பு உண்டு: வார்டில் நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று உணரும் மூத்த செவிலியர் போல. சியாட்டில் குழுவுக்கு இந்த வாய்ப்பே இல்லை. அவர்கள் மறுத்தவர் பிழைத்திருந்தால் எப்படி வாழ்ந்திருப்பார் என்பதை அவர்கள் ஒருபோதும் அறியப்போவதில்லை. தவறைத் திருத்தும் அடி கிடைக்காத இடத்தில் உள்ளுணர்வு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கூர்மையாகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எவ்வளவு அழகான தர்க்கமாக இருந்தாலும், அது எதிர்க்கத் திராணியற்ற ஒருவரை நசுக்கும் இடத்தில் போய் முடிந்தால், முதலில் தர்க்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டயாலிசிஸுக்கு அமெரிக்கா 1972-இல் விடை கண்டது: மத்திய அரசின் காப்பீடு செலவை ஏற்றது, தேர்ந்தெடுக்கும் குழுக்களுக்குத் தேவை இல்லாமல் போனது. தானமாகக் கிடைக்கும் கல்லீரலுக்கு அந்த வழி இல்லை. பணத்தால் உறுப்புகளைப் பெருக்க முடியாது. அங்கே 2002 முதல் மெல்ட் என்ற மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். தொடக்கத்தில் அதற்காக அளந்தவை மூன்று: ரத்தத்தில் பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய கழிவு), கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), ரத்தம் உறையும் வேகம். கணக்கிட்டால் 6 முதல் 40 வரை ஓர் எண் வரும். எண் உயர உயர, கல்லீரல் இல்லாமல் சாகும் ஆபத்து அதிகம், அவருக்கு முன்னுரிமை. சர்ச்சும் சம்பளமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதில் நுழைவதில்லை.

இருந்தும் அந்த எண்ணுக்குள் ஒரு சாய்வு ஒளிந்திருந்தது. கிரியேட்டினின் தசையில் இருந்து வருவது. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் அதே அளவு கெட்டிருந்தாலும் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும், மதிப்பெண்ணும் குறையும். காத்திருப்புப் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் சாகிறார்கள் என்று கவனித்தவர்கள் கணக்கைப் பகுத்துப் பார்த்தபோது இந்தத் துண்டு அகப்பட்டது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சூத்திரத்தில் பெண்களுக்கு 1.33 புள்ளிகள் கூட்டப்படுகின்றன.